இனிப்பைத் தின்றதும் பிள்ளை ஆடுகிறதா, பார்க்கிற கண் ஆடுகிறதா?

கேள்வி: திண்டுக்கல் வாசகர், 6 ஜூலை 2025

என் மகளுக்கு ஐந்து வயது. பிறந்தநாள் வீட்டுக்குப் போய் கேக்கும் குளிர்பானமும் உள்ளே போய்விட்டால் அன்று இரவு பத்து மணிவரை எங்கள் வீட்டில் யாரும் உட்கார முடியாது. சர்க்கரைதான் காரணம் என்று நான் சொல்கிறேன். "அவள் சுண்டல் தின்றாலும் அப்படித்தான்" என்கிறாள் என் மனைவி. யார் சொல்வது சரி? இதை யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா?

7 ஜூலை, இரவு 9.50

ஆராய்ந்திருக்கிறார்கள், அதுவும் நன்றாகவே. சாட்சி உங்கள் மனைவியின் பக்கம் இருக்கிறது. இதை எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இரண்டு வருடம் நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன்.

1994இல் அமெரிக்காவில் மார்க் வோல்ரைச் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். அதில் இரண்டு கூட்டம் பிள்ளைகள். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் 25 பேர், சாதாரணப் பிள்ளைகள். ஆறு முதல் பத்து வயதுக்குள் 23 பேர். இவர்கள் "எங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை ஆகாது" என்று பெற்றோரே சொன்ன பிள்ளைகள். ஒன்பது வாரத்துக்கு முழுக் குடும்பத்தின் சாப்பாடும் ஆராய்ச்சிக்காரர்கள் கையில். மூன்று வாரம் சர்க்கரை மிகுந்த உணவு, மூன்று வாரம் அஸ்பார்டேம், மூன்று வாரம் சாக்கரின். மூன்றும் தித்திக்கும்; பின்னவை இரண்டும் சர்க்கரை இல்லாத செயற்கை இனிப்புகள். எந்த வாரம் எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. சர்க்கரை ஆகாது என்று சொல்லப்பட்ட 23 பேரிடம் நடத்தை, கவனம் முதலியவற்றில் 39 அளவைகள் எடுத்தார்கள். ஒன்றில்கூடக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிறியவர்களிடம் 31 அளவைகளில் நான்கில் மட்டும் சிறு வித்தியாசம். அவையும் ஒரே திசையில் போகவில்லை.

அடுத்த ஆண்டு, அதுவரை இப்படி மறைத்துச் செய்யப்பட்டிருந்த 23 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். அப்போதும் அதே பதில்தான். ஏதோ ஒரு சில பிள்ளைகளிடம் சிறிய பாதிப்பு இருக்கக்கூடும் என்ற கதவை மட்டும் மூடாமல் விட்டார்கள்.

பல்லுக்கும் உடல் எடைக்கும் சர்க்கரை செய்யும் கெடுதல் வேறு வழக்கு. அதில் அதற்கு விடுதலை கிடையாது.

8 ஜூலை, காலை 6.15

இரண்டு வருடம் என்று எழுதினேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கோவில்பட்டி. நான் ஒரு தீப்பெட்டி கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறேன். மகன் எல்கேஜியில் இருந்தபோது வகுப்பு ஆசிரியை டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்: "ஓரிடத்தில் உட்காருவதில்லை. இனிப்பைக் குறைக்கவும்." அந்த இரண்டு வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அன்று மாலையே வீட்டிலிருந்த கடலை மிட்டாய்ப் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கடலை மிட்டாய்க்கே பெயர் வாங்கிய ஊரில் ஒரு பிள்ளைக்கு அது கிடையாது என்று வைத்தேன். கல்யாண வீட்டில் இலை போட்டால் லட்டை நான் எடுத்துவிடுவேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அதற்குப் பிறகு அவன் எப்போது ஓடினாலும் என் வாயில் வரும் முதல் கேள்வி, "யார் உனக்கு மிட்டாய் கொடுத்தது?"

8 ஜூலை, மதியம்

கடலை மிட்டாய் வெல்லத்தில் செய்வது, அதைச் சர்க்கரையோடு சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். தாதுக்கள் கொஞ்சம் கூடுதல். இந்தக் கேள்விக்கு அந்த வித்தியாசம் உதவாது.

9 ஜூலை, இரவு 10.30

என் மனத்தைத் திருப்பியது வோல்ரைச்சின் சோதனை இல்லை. அதே 1994இல் ஹூவர், மிலிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட சிறிய சோதனை. அதில் பிள்ளைகள் 35 பேர்தான். ஐந்து முதல் ஏழு வயதுப் பையன்கள், எல்லோரும் "சர்க்கரை தின்றால் இவன் ஆளே மாறிவிடுவான்" என்று தாய் சொன்னவர்கள். பாதித் தாய்மாரிடம், உங்கள் மகனுக்கு இன்று நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்றார்கள். மீதிப் பேரிடம், சர்க்கரை இல்லாத பானம் கொடுத்திருக்கிறோம் என்றார்கள். உண்மையில் யாருக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை. எல்லாப் பையன்களும் குடித்தது அஸ்பார்டேம் கலந்த பானம்.

பிறகு தாயும் மகனும் ஓர் அறையில் சேர்ந்து விளையாடுவதைப் படம் பிடித்தார்கள். சர்க்கரை என்று நம்பிய தாய்மார், தங்கள் மகன் அன்று அதிகம் ஆடினான் என்று மதிப்பெண் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அவர்கள் மகனுக்கு மிக அருகிலேயே இருந்தார்கள். அவனைக் குறை சொல்வதும், பார்த்துக்கொண்டே இருப்பதும், பேசிக்கொண்டே இருப்பதும் அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது.

இதைப் படித்த அன்று எங்கள் வீட்டில் ஒரு வீடியோ இருப்பது நினைவுக்கு வந்தது. நாத்தனார் மகளின் பிறந்தநாளுக்கு என் கணவர் எடுத்தது, பதினொரு நிமிடம். கேக் வெட்டியதும் பிள்ளைகள் மொட்டை மாடியில் ஓடுகிறார்கள். ஏழெட்டுப் பிள்ளைகள், எல்லோரும் ஒரே ஓட்டம். என் மகனைத் தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் படம் முழுக்க ஒரு குரல் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. "இங்கே வா." "மெதுவாக." "போதும் என்று சொன்னேன் இல்லையா?" காதில் இயர்போனை வைத்துக்கொண்டு எண்ணினேன். இருபத்து மூன்று முறை. மற்றப் பிள்ளைகள் யாரையும் அவர்கள் தாய் மூன்று முறைக்கு மேல் கூப்பிடவில்லை. அந்தக் குரல் என்னுடையது.

13 ஜூலை, மாலை

வீட்டிலேயே செய்து பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? போன மாதம் பள்ளி திறந்த பிறகு தொடங்கினேன். முறையைச் சொல்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

நான் வேலை முடிந்து வர மாலை 5.45 ஆகும். அதற்குள் மகன் பள்ளியிலிருந்து வந்து பாட்டியிடம், அதாவது என் அத்தையிடம் (கணவரின் அம்மா), இருப்பான். அத்தையிடம் ஒரு ஐந்து ரூபாய்க் காசைக் கொடுத்தேன். தினமும் அவர் சுண்டிப் போட வேண்டும். தலை விழுந்தால் கடலை மிட்டாய் இரண்டு. பூ விழுந்தால் கொண்டைக்கடலைச் சுண்டல். எது விழுந்தது என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி அரிசிப் பானைக்குள் போட்டுவிட வேண்டும். என்னிடம் சொல்லக் கூடாது. நான் ஏழு மணிக்கு நோட்டில் ஒன்று முதல் ஐந்துவரை அவன் ஆட்டத்துக்கு ஒரு மதிப்பெண் போடுவேன். பக்கத்தில், இன்று இனிப்பா சுண்டலா என்று என் ஊகத்தையும் எழுதுவேன்.

அத்தைக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது. "பிள்ளை என்றால் ஓடும். கல்லா அது, வைத்த இடத்தில் இருக்க?" என்றார். ஆனாலும் ஒரு நாளும் தவறவிடவில்லை.

13 ஜூலை, இரவு

முதல் இரண்டு நாள் கெட்டுப்போனது, அதை எழுத மறந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான். வாயில் வெல்லமும் ஏலக்காயும் மணக்கும். அப்புறம் என்ன மறைப்பு? அந்த இரண்டு நாளையும் அடித்துவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து அத்தை அவனை வாய் கொப்பளிக்க வைத்து, இரண்டு வகை நாளுக்கும் பொதுவாக ஒரு டம்ளர் பால் கொடுத்துவிடுவார்.

15 ஜூலை, இரவு 11

அரிசிப் பானைத் தாள்களை எடுத்து எண்ணியாகிவிட்டது. மொத்தம் 16 நாள்.

இனிப்பு விழுந்தது 9 நாள், சுண்டல் 7 நாள். இனிப்பு நாட்களில் நான் போட்ட மதிப்பெண் சராசரி 3.1. சுண்டல் நாட்களில் 2.9. ஒரே ஆள் போட்ட மதிப்பெண்ணில் இது ஒரு வித்தியாசமே இல்லை.

ஊகத்தில் 16க்கு 9 சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் எட்டு வந்திருக்கும். பெற்ற தாய்க்குத் தெரியாதா என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

ஆனால் "இனிப்பு" என்று நான் ஊகித்த 8 நாட்களின் சராசரி 3.9. "சுண்டல்" என்று ஊகித்த 8 நாட்களின் சராசரி 2.1. ஹூவரும் மிலிச்சும் சொன்னது என் நோட்டிலேயே வந்துவிட்டது. அவன் என்ன தின்றான் என்பது மதிப்பெண்ணை மாற்றவில்லை. தின்றான் என்று நான் நினைத்தது மாற்றியிருக்கிறது.

16 ஜூலை, காலை

நேற்று எழுதியதன் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். மதுரை வாசகர் கேட்ட கேள்வி சரியானது: ஊகத்தை எப்போது எழுதினீர்கள்?

மதிப்பெண்ணோடு சேர்த்து, ஏழு மணிக்கு. அதாவது, அன்று அவன் ஆடியதைப் பார்த்துவிட்டு "அப்படியானால் இனிப்பாகத்தான் இருக்கும்" என்று எழுதியிருப்பேன். எது முந்தி, எது பிந்தி என்று அந்த வரிசையை வைத்துச் சொல்லவே முடியாது. நம்பிக்கையால் ஆட்டம் பெரிதாகத் தெரிந்ததா, ஆட்டத்தைப் பார்த்து நம்பிக்கை வந்ததா? ஹூவரும் மிலிச்சும் நம்பிக்கையைத் தாங்களே முன்கூட்டி விதைத்தார்கள், அதுவும் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து. அதனால்தான் அவர்களால் சொல்ல முடிந்தது. தினமும் வரவும் செலவும் தனித்தனிப் பத்தியில் எழுதுகிற நான் இதில் கவனிக்காமல் விட்டது எனக்கு உறுத்துகிறது.

3.1, 2.9 என்ற வரிசை மட்டும் நிற்கும். அதிலும் ஒரு ஓட்டை: நான்தான் அறியாமல் இருந்தேன், அவன் அறிந்தவன். மிட்டாய் தின்றது அவன் நாக்குக்குத் தெரியும். தடுத்து வைத்த பண்டம் கிடைத்த சந்தோஷமே ஒரு பிள்ளையைத் துள்ள வைக்கலாம். அதற்காகத்தான் வோல்ரைச் மூன்று உணவையும் தித்திக்க வைத்தார்.

16 ஜூலை, இரவு

பார்க்கிறவர் அறியாமல் இருக்க வேண்டும் என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒருவர் கேட்டார். இதற்கு ஒரு குதிரையிலிருந்து தொடங்க வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டிப் பதில் சொல்லும். 1904இல் அறிஞர் குழுவே வந்து பார்த்தது, ஏமாற்று எதையும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாத கணக்கைக் கொடுத்தால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழை அளவு அசைகிறது. குதிரை அதைப் பார்த்து நிறுத்துகிறது. கேட்பவருக்குத் தான் அசைந்ததே தெரியாது. கணக்குத் தெரியாவிட்டால் என்ன, மனிதர் முகத்தைப் படிக்கத் தெரிந்த குதிரை. நம் வீடுகளில் அந்த வித்தை தெரிந்த பிள்ளைகள் நிறைய.

1963இல் ராபர்ட் ரோசென்தால் என்ற உளவியலாளர் 12 மாணவர்களிடம் ஆளுக்கு ஐந்து எலிகள் கொடுத்தார். பாதிப் பேரிடம் புத்திசாலி வம்சத்து எலி என்றும் மீதிப் பேரிடம் மந்த வம்சம் என்றும் சொன்னார். எல்லாம் ஒரே சாதாரண எலிகள். புத்திசாலி என்று பெயர் வைக்கப்பட்டவை புதிர்ப்பாதையில் நன்றாக ஓடின. 1968இல் லெனோர் ஜேக்கப்சன் என்ற பள்ளி முதல்வரோடு சேர்ந்து அதையே வகுப்பறையில் செய்தார். ஏதோ சில பெயர்களைச் சீட்டெடுத்து, இந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு மலரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறினார்கள், மேல் வகுப்புகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆய்வின் அளவீடுகளைப் பற்றி இன்றும் சண்டை இருக்கிறது, ஆகவே அதைப் பெரிதாகத் தூக்கிப்பிடிக்க மாட்டேன். ஆனால் டைரியில் சிவப்பு மையில் எழுதப்பட்ட பிள்ளைக்கு எந்தப் பெயர் வைக்கப்பட்டது என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

19 ஜூலை, காலை 5.40

"கடைசியில் எல்லாப் பழியும் தாய் தலையில்தானா?" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். கோபமாகத்தான் எழுதியிருக்கிறார், அந்தக் கோபம் நியாயம். மூன்று நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக் குறைவே காரணம் என்று பெரிய மருத்துவர்களே எழுதிய காலம் இருந்தது. "குளிர்சாதனப் பெட்டித் தாய்" என்று பெயரே வைத்தார்கள். பிள்ளை அணைப்பை ஏற்கவில்லை, தாய் ஒதுங்கி நிற்கிறாள். இரண்டையும் பார்த்தவர்கள் தாயைக் காரணம் ஆக்கினார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் அதை எதிர்த்து எழுதினார். அவரே அப்படி ஒரு பிள்ளையின் தகப்பன். அதற்குள் எத்தனை தாய்மார் தங்களைத் தாங்களே தின்றுகொண்டிருப்பார்கள்!

ஆகவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1968இல் ரிச்சர்ட் பெல் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். கடுமையான பெற்றோர், முரட்டுப் பிள்ளை என்று இரண்டும் சேர்ந்து வந்தால் பெற்றோர்தான் பிள்ளையை அப்படி ஆக்கினார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிவிடுகிறார்கள். காரணம் காட்டும் அம்பை அப்படியே திருப்பிப் போட்டாலும் அதே எண்கள் வருமே என்றார்.

1986இல் ஆண்டர்சன், லிட்டன், ராம்னி ஆகிய மூவர் அதைச் சோதித்தார்கள். நடத்தைக் கோளாறு உள்ளவர்கள் என்று கணிக்கப்பட்ட பையன்களின் தாய்மார் ஒரு பக்கம், அப்படி எதுவும் இல்லாத பையன்களின் தாய்மார் ஒரு பக்கம். ஒவ்வொரு தாயையும் தன் மகனோடும், இன்னொருத்தியின் அடங்காத மகனோடும், இன்னொருத்தியின் சாதுவான மகனோடும் தனித்தனியே இருக்க வைத்தார்கள். சாதுவான பிள்ளையைப் பெற்ற தாயும் அடங்காத பிள்ளையோடு இருந்தபோது அதட்டினாள், கட்டளை போட்டாள். அடங்காத பிள்ளையைப் பெற்றவள் சாதுவான பிள்ளையோடு இருந்தபோது அப்படி இல்லை.

அதற்கு முன்பே ரஸ்ஸல் பார்க்லியின் ஆய்வுகள் இருக்கின்றன. அளவு மீறித் துறுதுறுப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஒரு முறை மெத்தில்ஃபெனிடேட் மருந்து, ஒரு முறை மருந்தில்லாத வெறும் மாத்திரை. மருந்து உள்ளே போன நாளில் பிள்ளை சொன்னபடி கேட்டான், தாயின் கட்டளைகளும் குறைந்தன. மருந்து குடித்தது தாய் இல்லை!

அக்கா, நான் இருபத்து மூன்று முறை கூப்பிட்டேன் என்பது உண்மை. அதற்கு முன் இரண்டு வருடம் அவன் என்னைக் கூப்பிட வைத்தான் என்பதும் உண்மை. எல்கேஜிக்கு முன்பே, நடக்கத் தொடங்கிய நாளிலேயே திண்ணையிலிருந்து குதித்தவன் அவன்.

19 ஜூலை, இரவு 8

துறுதுறுப்பு அளவு மீறிப் படிப்பையும் உறக்கத்தையும் கெடுத்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த இழையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

27 ஜூலை, மதியம்

எட்டு நாள் கழித்து எழுதக் காரணம் உண்டு. அத்தை ஒன்று சொன்னார்.

காசு சுண்டும் வேலை முடிந்ததும் நான் நோட்டை மூடவில்லை, பழக்கமாக மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் ஐந்து நாள் நான் வாசலில் நுழையும்போதே அத்தை சொல்வார். ஒரு நாள், "பால்காரர் வீட்டில் லட்டு கொடுத்தார்கள், இரண்டு தின்றான்." ஒரு நாள், "அவன் மாமா மிட்டாய் வாங்கித் தந்தான்." நான் முகத்தைச் சுளிப்பேன். ஏழு மணிக்கு மதிப்பெண் போடுவேன். 4, 4, 5, 3, 4.

நேற்று சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஐந்து நாளும் நான் அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை, அம்மா. சுண்டல்தான். நீ என்ன செய்கிறாய் என்று பார்த்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் மேலே சொன்னார்: "திங்கட்கிழமை அவன் பாட்டுக்கு உட்கார்ந்து வண்டி உருட்டிக்கொண்டிருந்தான். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாய். அவன் உதறினான். நீ அதட்டினாய். அப்புறம்தான் எழுந்து ஓடினான்."

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஹூவரும் மிலிச்சும் கென்டக்கியில் செய்ததை எங்கள் சமையலறையில் அவராகவே செய்துவிட்டார். அருகில் போய் உட்கார்ந்ததுவரை அதே காட்சி. ஐந்து நாள் என்பது எந்தக் கணக்கிலும் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை என் கைக்குள் அவன் மணிக்கட்டு இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

28 ஜூலை

என்னை ஏமாற்றியதற்கு அத்தைமேல் வருத்தமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. முன்பே அனுமதி கேட்டிருந்தால் சோதனையே நடந்திருக்காது.

2 ஆகஸ்ட், இரவு 9

திண்டுக்கல் வாசகருக்கு. உங்கள் மகள் தின்றது சர்க்கரை மட்டும் இல்லை, சாயமும்கூட என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை ஒதுக்க முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் ஒவ்வாமை மருத்துவராக இருந்த பெஞ்சமின் ஃபெயின்கோல்ட் 1973இலேயே செயற்கைச் சாயங்களைக் குற்றம் சாட்டினார். அவர் சொன்ன அளவுக்குப் பிற்பாடு நிரூபணம் கிடைக்கவில்லை. ஆனால் 2007இல் சௌத்தாம்ப்டனில் மூன்று வயதுப் பிள்ளைகள் 153 பேருக்கும், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் 144 பேருக்கும், நிறமும் ருசியும் ஒன்றுபோல் இருக்கும் பழச்சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்கள் சாயக் கலவையும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்தது, சில நாட்கள் கலக்காதது. துறுதுறுப்பில் சிறிய கூடுதல் தெரிந்தது. எல்லாப் பிள்ளைகளிடமும் இல்லை, எல்லாக் கலவையிலும் ஒரே மாதிரி இல்லை. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல், டார்ட்ரசின் என்ற மஞ்சள் சாயம் உட்பட ஆறு சாயங்களில் ஒன்று சேர்ந்தாலும் அந்த உணவின் உறையில் பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை வரி வந்தது.

நம் ஊரில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது இதற்காக இல்லை. அதில் ரோடமின்-பி என்ற, உணவில் சேர்க்கவே கூடாத துணிச் சாயம் இருந்தது. அது புற்றுநோய் அச்சம் பற்றியது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பிறந்தநாள் வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. பதினைந்து பிள்ளைகள், பலூன், பாட்டு, தூங்கும் நேரம் தாண்டிய இரவு. அங்கே கேக்குக்குப் பதில் வெள்ளரிக்காய் வைத்தாலும் பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள்.

3 ஆகஸ்ட்

மார்ஷ்மெல்லோ சோதனையைக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் போவது; ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் 1960களின் இறுதியில் தொடங்கியது. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் தேர்வுகளில் நன்றாக வந்தார்கள் என்று பிறகு எழுதினார்கள். 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

எனக்குப் பிடித்தது 2013இல் ரோச்செஸ்டரில் செலஸ்ட் கிட் குழுவினர் வெளியிட்டது. 28 பிள்ளைகள். மிட்டாய்க்கு முன்னால், நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொல்லிப் போகிறார். பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து தந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை, மன்னித்துக்கொள் என்றார். பிறகு மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் முழுப் பதினைந்து நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் ஒரே ஒருவர். தருவதாகச் சொன்னவர் தரமாட்டார் என்று கண்டுகொண்ட பிள்ளை கையில் இருப்பதைத் தின்னுவதில் என்ன அடக்கமின்மை இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கழுகுமலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று நான் மூன்று ஞாயிறு சொல்லிவிட்டுப் போகாமல் இருந்திருக்கிறேன்.

10 ஆகஸ்ட்

கழுகுமலைக்குப் போய்வந்தோம். வெட்டுவான் கோயிலுக்கு ஏறும் பாறையில் அவன் முன்னால் ஓடினான். ஒரு முறைதான் கூப்பிட்டேன், வழுக்கும் இடத்தில்.

23 ஆகஸ்ட், இரவு 10.15

இப்போது ஒன்றாம் வகுப்பு ஆசிரியை வேறு ஒருவர், இளம் பெண். போன மாதம் போய்ப் பார்த்தேன். இனிப்பை நிறுத்தினேனா இல்லையா என்று எதுவும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: இரண்டு வாரத்துக்கு, அவன் இடத்தைவிட்டு எழும்போதெல்லாம் மணியை மட்டும் குறித்துத் தர முடியுமா? 38 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்யத் தேவையில்லை. செய்தார். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிய தாளில் பென்சிலால் மணி மட்டும் எழுதி நேற்று கொடுத்தனுப்பினார்.

பத்து நாள், 41 குறிப்புகள். காலை 9 முதல் 11 வரை ஆறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழு. மீதி 28ம் பதினொன்றரைக்கும் பன்னிரண்டே காலுக்கும் நடுவில்.

தாளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் 7.20க்கு வருகிறது. காலையில் அவன் ஒரு இட்லிக்கு மேல் இறக்கமாட்டான். பத்தரை மணி இடைவேளைக்கு முன்பெல்லாம் கடலை மிட்டாயும் முறுக்கும் வைப்பேன். சிவப்பு மைக் குறிப்பு வந்த பிறகு அந்த டப்பாவில் வெள்ளரித் துண்டுகள்தான் போகின்றன. சாப்பாட்டு மணி 12.20.

பசி என்று இப்போதே முடிவு கட்டினால் சர்க்கரைக்குச் செய்த அதே தவறைச் செய்கிறேன். அந்த நேரத்தில் என்ன பாடம், யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், மற்றப் பிள்ளைகளும் அப்போது எழுகிறார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. கடைசிக் கேள்வியை ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் மணி குறிக்கிறேன் என்றார். யார் என்று என்னிடம் சொல்லமாட்டார், நானும் கேட்கவில்லை.

திங்கள் முதல் பத்தரை மணி டப்பாவில் சில நாள் இரண்டு இட்லி பொடி தடவிப் போகும், சில நாள் பழையபடி வெள்ளரி. எந்த நாள் எது என்று ஆசிரியைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டப்பாவைக் கட்டுவது அத்தை. ஐந்து ரூபாய்க் காசு அவர் முந்தானை முடிச்சில் இருக்கிறது.